வயல் வரப்போடு நின்றுவிடும் சட்டம்

இந்தியாவில் ஒரு பூச்சிமருந்து கடைக்கு வந்து சேர்வதற்குள் அரசு பல இடங்களில் அதை நிறுத்திப் பார்க்கிறது. மத்தியப் பதிவுக் குழுவில் பதிவாகாத மருந்தை இறக்குமதி செய்யவோ தயாரிக்கவோ முடியாது. தயாரிக்க உரிமம் வேண்டும், விற்க உரிமம் வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு வீடுகளில் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்து அடிக்கும் நிறுவனத்துக்கும் உரிமம் வேண்டும். டப்பாவின் மேல் என்ன நிறத்தில் முக்கோணம் இருக்க வேண்டும், உள்ளே வைக்கும் துண்டுத்தாள் எந்தெந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதுவரை விதி உண்டு. இத்தனைக்கும் அடிப்படை 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, விநியோகம், பயன்பாடு ஆகிய ஆறையும் ஒழுங்குபடுத்தி, மனிதருக்கும் விலங்குக்கும் ஆபத்து நேராமல் தடுப்பதே தன் நோக்கம் என்று அது முகப்பிலேயே சொல்லிக்கொள்கிறது.

சட்டத்தின் கடைசிப் பிரிவு 38. முகப்பில் சொன்ன ஆறில் ஆறாவதை அது பெருமளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒருவர் தன் வீட்டு உபயோகத்துக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தன் சாகுபடியில் இருக்கும் நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால், இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் அவருக்குப் பொருந்தாது. வரம்பு ஏக்கரில் இல்லை, மருந்தின் நச்சுத்தன்மையிலும் இல்லை. அரை ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்கும் நூறு ஏக்கர் பருத்திக்காட்டுக்கும் ஒரே விலக்கு. கொசுவத்திச் சுருளுக்கும், மிகக் கடும் நஞ்சு என்று சிவப்பு முக்கோணம் போட்ட மருந்துக்கும் ஒரே விலக்கு.

இந்தியாவில் விற்கும் பூச்சிக்கொல்லிகளில் மிகப் பெரும்பகுதி போய்ச் சேருவது யாரோ ஒருவருடைய சாகுபடி நிலத்துக்குத்தான். அப்படியென்றால் இந்த விலக்கை ஒரு சிறு சலுகை என்று கொள்ள முடியாது. மருந்து தன் வேலையைச் செய்யும் இடம் முழுவதுமே சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதையைப் பார்த்தால் வியப்பு கூடும். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் உணவு நஞ்சாகி இறந்தார்கள். ஃபாலிடால் என்ற பெயரில் அறியப்பட்ட பாரத்தியான், உணவுப்பொருளோடு ஒரே சரக்கில் பயணம் செய்து அதில் கலந்துவிட்டிருந்தது. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நாடு தழுவிய சட்டம் தேவை என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்று, பத்தாண்டுகள் கழித்து 1968 செப்டம்பரில் சட்டமானது. நடைமுறைக்கு வர 1971 ஆகஸ்ட் ஆயிற்று. இறந்தவர்கள் யாரும் மருந்து அடித்தவர்கள் இல்லை, ரொட்டியும் மாவும் உண்டவர்கள். அதனால்தானோ என்னவோ, மருந்து போகும் வழியைக் கண்காணிப்பதில் சட்டம் காட்டிய அக்கறை, அதை அடிக்கும் கையின் மீது விழவில்லை.

விலக்குக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது பசுமைப் புரட்சி தொடங்கிய நேரம். குட்டை ரக நெல்லும் கோதுமையும் உரத்தையும் மருந்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்தன. வேளாண் துறையே மருந்தைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதைத் தவறாக அடித்தார் என்று விவசாயியைக் கூண்டில் ஏற்றுவது அரசுக்கு ஆகாத காரியம். ஒவ்வொரு சமையலறைக்கும் ஒவ்வொரு வரப்புக்கும் ஆய்வாளரை அனுப்பவும் முடியாது. அனுப்பினால் அவர் முதலில் தட்டுவது பெரிய பண்ணையின் கதவையா, குத்தகைக்காரரின் குடிசையையா என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிறு விவசாயியைக் காவல் நிலையத்துக்கு இழுக்காமல் இருப்பது நல்ல நோக்கம். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பதும் எதுவும் பொருந்தாது என்பதும் ஒன்றல்ல. சட்டம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

அதன் விளைவு 1971-ஆம் ஆண்டு விதிகளோடு சேர்த்துப் படிக்கும்போது தெரிகிறது. மருந்தைக் கையாளுபவருக்குத் தகுந்த உடுப்பு வேண்டும், சுவாசப் பாதுகாப்பு வேண்டும், மாற்றுமருந்து கைவசம் இருக்க வேண்டும், காலி டப்பாவை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்றெல்லாம் அவை சொல்கின்றன. தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கும் இவை கட்டளைகள். தன் நிலத்தில் தானே அடிப்பவருக்கு இவை வெறும் அறிவுரை. டப்பாவில் இருக்கும் முக்கோணமும் அப்படியே. மருந்து வாய்வழி உள்ளே போனால் சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் சிவப்பை வாங்கியவருக்கும் பச்சையை வாங்கியவருக்கும் கடமையில் வேறுபாடு கிடையாது, ஏனென்றால் இருவருக்குமே கடமை கிடையாது.

சிக்கல் கூர்மையாவது மருந்து அடிப்பவர் நிலத்துக்காரராக இல்லாதபோது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பருத்திச் செடி வழக்கத்தைவிட உயர்ந்து வளர்ந்திருந்தது. தலைக்கு மேல் பீய்ச்சும் மருந்து தெளிப்பவர் மேலேயே இறங்கியது. கலவை மருந்துகள், விசைத்தெளிப்பான்கள், வெக்கை எல்லாம் சேர்ந்துகொண்டன. பாதிக்கப்பட்டவர்களில் பலர் கூலிக்கு டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டவர்கள். நிலம் அவர்களுடைய சாகுபடியில் இல்லை. மருந்தை வாங்கியதும் எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்ததும் பெரும்பாலும் அவர்கள் அல்ல. 38-ஆம் பிரிவின் விலக்கு யாருக்காக எழுதப்பட்டதோ அவர் வரப்பில் நிற்கிறார். விலக்கின் விலையைக் கொடுப்பவர் செடிகளுக்கு நடுவே நிற்கிறார். கூலிக்காரர் அடிப்பதை நிலத்துக்காரரின் பயன்பாடாகக் கொள்வதா, வேலைவாங்குபவரின் பொறுப்பாகக் கொள்வதா என்று பிரிவு தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் யாரும் பொறுப்பேற்பதில்லை என்பதே நடைமுறை.

அமெரிக்கா இந்த இடத்தில் வேறு வழியில் போனது. அங்கும் விவசாயிக்கு விலக்குகள் ஏராளம். சொல்லப்போனால் பண்ணைகளுக்குச் சலுகை தருவதில் அந்த நாட்டு நாடாளுமன்றத்தை மிஞ்ச ஆளில்லை. பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைக்காத, தற்காலிகத் தொழிலாளர் முகாம் இல்லாத பண்ணைகளில் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு தன் நிதியைச் செலவிடக் கூடாது என்று 1970-களிலிருந்து ஒவ்வொரு நிதி ஒதுக்கீட்டிலும் எழுதிவைக்கிறார்கள். ஆனால் பூச்சிக்கொல்லியைப் பொறுத்தவரை, லேபிளில் சொன்னதற்கு மாறாகப் பயன்படுத்துவது 1972 முதல் சட்ட விரோதம். வீட்டுக்காரரானாலும் விவசாயியானாலும் இதுவே நிலை. விவசாயிக்கான அபராதம் மட்டும் குறைவு. மிக நச்சான மருந்துகளை வாங்க விவசாயியே பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பண்ணைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விதிகளில் பண்ணை உரிமையாளருக்கும் அவருடைய நெருங்கிய குடும்பத்தாருக்கும் பல அம்சங்களிலிருந்து விலக்கு உண்டு, கூலியாளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. தன் உடலைப் பணயம் வைப்பவருக்கு ஒரு கணக்கு, பிறர் உடலைப் பணயம் வைப்பவருக்கு வேறு கணக்கு. யவத்மாலில் இல்லாமல் போனது இந்தக் கோடுதான்.

கழிவு விஷயத்திலும் அங்கு விலக்கு வெறுங்கையோடு வருவதில்லை. தன் நிலத்தில் மிஞ்சிய மருந்தை அப்புறப்படுத்தும் விவசாயி ஆபத்தான கழிவுச் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு ஆட்பட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு காலி டப்பாவையும் மூன்று முறை கழுவியிருக்க வேண்டும், எச்சத்தை லேபிள் சொன்னபடி தன் பண்ணைக்குள்ளேயே அகற்ற வேண்டும். நிபந்தனையை மீறினால் விலக்கு போய்விடும். வீட்டுக் குப்பைக்கும் 1980-லிருந்து விலக்கு உண்டு. பெயின்ட் டப்பாவோ கரப்பான் மருந்தோ வீட்டிலிருந்து வரும்வரை அது சட்டத்தின் பார்வையில் ஆபத்தான கழிவு இல்லை. இந்த விலக்கு எதுவரை நீளும் என்ற கேள்வி சிகாகோ நகரத்தின் எரிஉலையில் வந்து நின்றது. வீட்டுக் குப்பையை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஈயமும் காட்மியமும் செறிந்துவிடுகின்றன. குப்பைக்கு விலக்கு என்றால் சாம்பலுக்கும் விலக்குதானே என்றது நகராட்சி. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மறுத்தது. வீட்டை விட்டு வெளியேறி உலைக்குள் போன பிறகு அது வீட்டுக்காரரின் பொருள் அல்ல.

நம் விதிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே மருந்தின் ஒரே காலி கேன். தொழிற்சாலையில் கிடந்தால், 2016-ஆம் ஆண்டின் ஆபத்தான கழிவு விதிகளின் அட்டவணைப்படி அது ஆபத்தான கழிவு. ஆவணம், அங்கீகரிக்கப்பட்ட கிடங்கு, அங்கீகரிக்கப்பட்ட வாகனம் எல்லாம் வேண்டும். வீட்டுக் குப்பையோடு வந்தால், அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள் அதை வீட்டு ஆபத்துக் கழிவு என்ற வகையில் சேர்த்தன. தீர்ந்த பேட்டரி, காலாவதியான மாத்திரை, உடைந்த தெர்மாமீட்டர் எல்லாம் அந்த வகையில்தான். அவற்றைச் சேகரிக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றன அந்த விதிகள். தங்கள் ஊரில் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று வாசகர்கள் விசாரித்துப் பார்க்கலாம். மூன்றாவதாக, வயலில் கிடந்தால் 38-ஆம் பிரிவு. மோட்டார் கொட்டகை மூலையில் டீசல் ஊற்றிவைக்கவோ, கழுவித் தண்ணீர் பிடிக்கவோ அது எடுத்துக்கொள்ளப்படும்.

அப்படி எடுத்துக்கொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரின் சாரண் மாவட்டம் சாட்சி. 2013 ஜூலை 16 அன்று கண்டாமன் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. பள்ளித் தலைமை ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். அது தேவைதான். ஆனால் சிவப்பு முக்கோணம் போட்ட வயல் மருந்து சமையல் எண்ணெய் இருந்த இடத்தை எட்டியது எப்படி என்ற கேள்விக்கு அந்தத் தண்டனை பதில் ஆகாது. 1958-இல் மருந்தும் மாவும் ஒரே சரக்கில் இருந்ததைக் குற்றம் என்று கண்டு சட்டம் போட்டவர்கள், ஒரே வீட்டில் இருப்பதை விலக்கி வைத்துவிட்டார்கள்.

விலக்கு இன்னொன்றையும் செய்கிறது: ஒழுங்கிலிருந்து வெளியேறுவது கணக்கிலிருந்தும் வெளியேறிவிடுகிறது. போபால் இதற்கு வினோதமான உதாரணம். 1984 டிசம்பரில் அங்கு கசிந்தது பூச்சிமருந்துக்கான மூலப்பொருள். செவின் என்ற கார்பரில் மருந்தைத் தயாரிக்க வைத்திருந்த மெத்தில் ஐசோசயனேட் அது. மறு ஆண்டே போபால் ஆலையின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தமான அமெரிக்க ஆலை ஒன்றில், மேற்கு வர்ஜீனியாவில், இன்னொரு கசிவு. பக்கத்து ஆலையில் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று ஊராருக்கும் தீயணைப்புத் துறைக்கும் தெரிய வேண்டும் என்று 1986-இல் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில், ஆபத்தான ரசாயனம் என்ற சொல்லுக்குள் வராதவை எவை என்று ஒரு பட்டியல் உண்டு. குடும்ப, வீட்டு உபயோகத்துக்கான பொருள்கள் அதில் இருக்கின்றன. பொதுமக்களுக்கு விற்கும் அதே வடிவிலும் செறிவிலும் உள்ளவையும்கூட. வழக்கமான விவசாய வேலைகளில் பயன்படுபவையும், சில்லறைக் கடைக்காரர் விவசாயிக்கு விற்க வைத்திருக்கும் உரமும் இருக்கின்றன. பூச்சிமருந்து ஆலை விபத்திலிருந்து பிறந்த சட்டம், அந்த மருந்து போய்ச் சேரும் இடத்தை அறியவேண்டாம் என்று முடிவு செய்தது.

இதில் வீட்டுப் பகுதியைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. ஒவ்வொரு மளிகைக் கடையும் பினாயில் பாட்டில்களை எண்ணித் தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் முக்கியமான கடிதங்கள் அந்தக் குவியலில் புதைந்துபோகும். உரக்கடைதான் உறுத்துகிறது. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸின் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து, அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் போனவர்கள். பள்ளியும் முதியோர் இல்லமும் வெடிப்பின் எல்லைக்குள் இருந்தன. அந்தக் கிடங்கு தன் இருப்பை மாநில அரசுக்குத் தெரிவித்துத்தான் இருந்தது, எனவே அந்த ஒரு விலக்கின் மேல் பழிபோடுவது நேர்மை ஆகாது. ஆனால் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் முறைகளுக்கான தொழிலாளர் பாதுகாப்பு விதியில் சில்லறை விற்பனையாளருக்குத் தனி விலக்கு இருந்தது. விவசாயிக்கு நேரடியாக விற்கும் உரக் கிடங்குகள் அதற்குள் ஒதுங்கிக்கொண்டன. டன் கணக்கில் அழுத்தத்தில் வைத்திருக்கும் அம்மோனியாவும் சில்லறைச் சரக்கு ஆனது. விபத்துக்குப் பிறகு 2015-இல் அந்த விலக்கைச் சுருக்க முயன்றார்கள். முறைப்படி கருத்துக் கேட்கவில்லை என்று மறு ஆண்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விலக்கைக் கொடுப்பது எளிது, திரும்ப வாங்குவது அப்படி இல்லை.

நம்மிடமும் இந்தக் கணக்கு விடுபடல் உண்டு. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, மருந்தால் நஞ்சேறிய ஒவ்வொரு நிகழ்வையும் அறிவிக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையிடலாம். ஆணையிட வேண்டும் என்று இல்லை. அறிவிப்பு கட்டாயமாகாத இடத்தில், எந்த மருந்து எத்தனை பேரை வீழ்த்துகிறது என்பது அரசு மருத்துவமனைகளின் பதிவேடுகளில் தனித்தனியாகக் கிடக்கும்.

எல்லா விலக்குகளும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். பயன்படுத்துபவர் யார் என்று பார்த்துக் கொடுப்பது ஒரு வகை. 38-ஆம் பிரிவு அதுதான். பொருள் எது என்று பார்த்துக் கொடுப்பது இன்னொரு வகை. அமெரிக்காவில் 1996-லிருந்து பூண்டு, கிராம்பு, எள், எலுமிச்சைப்புல் எண்ணெய், ஆமணக்கெண்ணெய் போன்றவற்றால் ஆன பூச்சிவிரட்டிகளுக்குப் பதிவே வேண்டாம். இந்த இரண்டாவது வகையில் பிழை நேர்ந்தாலும் யாரும் சாகப்போவதில்லை. பிரான்ஸ் இன்னும் ஒரு படி தள்ளிப்போய் நம் பிரிவைத் தலைகீழாக்கியது. பயிற்சி பெற்ற விவசாயி சில ரசாயன மருந்துகளை வாங்கலாம். வீட்டுத் தோட்டக்காரருக்கு அவற்றை விற்பதும் அவர் வைத்திருப்பதும் 2019 ஜனவரி முதல் தடை. அவருக்குப் பயிற்சி இல்லை, அவரைக் கண்காணிக்கவும் முடியாது, எனவே அவர் கையில் அது இருக்கவே வேண்டாம் என்பது அங்குள்ள வாதம். கண்காணிக்க முடியாது என்ற அதே காரணத்துக்காக நாம் எதுவும் பொருந்தாது என்றோம்.

இந்த வாதத்தின் பலன் இலங்கையில் எண்களாகவே தெரியும். அங்கு 1980-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், விவசாயியின் கையைப் பிடிக்க முயலாமல் கடையின் அலமாரியைக் காலி செய்தார்கள். பாரத்தியான் 1984-இல் போனது. மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட மிகக் கொடிய ஆர்கனோபாஸ்பேட்டுகள் 1995-இல், எண்டோசல்ஃபான் 1998-இல். 2008-க்கும் 2011-க்கும் இடையில் பாராகுவாட்டும் இன்னும் இரண்டும். இலங்கையின் தற்கொலை விகிதம் 1995-இல் லட்சத்துக்கு 57 ஆக இருந்து 2015-இல் 17 ஆகக் குறைந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதில் பெரும் பங்கை இந்தத் தடைகளுக்குக் கொடுக்கிறார்கள். நெல் விளைச்சல் இதனால் விழவில்லை என்பதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்திலோ பொலன்னறுவை வயலிலோ எந்த ஆய்வாளரும் போய் நிற்கவில்லை. நிற்கத் தேவைப்படவில்லை.

என் பார்வையில், 38-ஆம் பிரிவை நீக்குவது தீர்வாகாது. பயன்படுத்துபவருக்கு விலக்கு கொடுக்க முடிவு செய்துவிட்ட அரசு, அந்த விலக்குக்கு ஏற்ற பொருள்களை மட்டுமே கடையில் அனுமதிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. முழு உடுப்பும் முகமூடியும் இல்லாமல் கையாளக் கூடாத மருந்தை, முழு உடுப்பு கட்டாயமில்லை என்று சட்டம் சொல்லும் ஒருவருக்கு எப்படி விற்கலாம்? நெல் அறுக்கும் வெயிலில் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு யார் வேலை செய்வார்கள் என்பது பதிவுக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

இங்கே தடைகள் வராமலில்லை. வெளிநாடுகளில் தடுக்கப்பட்டும் இந்தியாவில் புழங்கிய 66 மருந்துகளை அனுபம் வர்மா தலைமையிலான குழு ஆராய்ந்து 2015-இல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 2018-இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது, அதில் ஆறுக்கு 2020 இறுதிவரை அவகாசம். மாநிலங்களின் நிலை வேறு. 27-ஆம் பிரிவின்படி ஒரு மாநில அரசு ஆபத்தான மருந்தை 60 நாளுக்கு நிறுத்திவைக்கலாம்; வேண்டுமானால் இன்னொரு 30 நாள். யவத்மாலுக்குப் பிறகு மகாராஷ்டிரம் ஐந்து மருந்துகளை இப்படி நிறுத்தியது. தமிழ்நாடு 2022-23-இல் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறை நிறுத்தியது. ஒரு பருத்திப் பருவம் அதைவிட நீளம்.

கொங்குப் பகுதி வீடுகளுக்குச் சாணிப் பவுடர் என்று விற்கும் பொருளுக்கு இந்த 60 நாளும் எட்டாது. சாணத்துக்குப் பதிலாக வாசல் தெளிக்க மஞ்சளாகவும் பச்சையாகவும் கரையும் அது, உண்மையில் ஆரமின் போன்ற ஜவுளிச் சாயம். கோவை வட்டார மருத்துவர்கள் அதன் நச்சைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பூச்சியைக் கொல்ல விற்காததால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பிடிக்குள் அது வருவதில்லை. வேறு நோக்கத்துக்கான பொருள்களை விலக்குவதும் அதே 38-ஆம் பிரிவுதான்.

மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதத் திரவத்தை முடிவுக்குக் கொண்டுவரும் மத்திய ஆணை 2023-இல் வந்தது, கண்டாமன் நடந்து பத்து ஆண்டுகளுக்குப் பின். பழைய சட்டத்துக்கு மாற்றாக 2008-இலும் 2020-இலும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. எனவே 27-ஆம் பிரிவு ஒரு மருந்தின் விற்பனையோடு பயன்பாட்டையும் தடுக்கலாம் என்கிறது. அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு, சொந்தச் சாகுபடியில் பயன்படுத்துபவருக்கு இந்தச் சட்டத்தின் எதுவும் பொருந்தாது என்கிறது. இரண்டையும் சொல்லுக்குச் சொல் படித்தால், கடைக்காரர் விற்க முடியாத மருந்தை, போன பருவத்தில் வாங்கி மோட்டார் கொட்டகையில் பாதி மிச்சம் வைத்திருக்கும் விவசாயி இந்தப் பருவத்தில் அடிக்கலாம். திறந்த அந்தக் கேனை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமையை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் யார் மீதும் வைக்கவில்லை.